கிள்ளான் கழிமுகமும் மீன் குஞ்சுக் கணக்கும்

மலேசியத் தமிழர் இல்லங்களில் கெலாமாக் கருவாட்டை அறியாதார் மிகச் சிலரே. தோட்டப்புற வாழ்க்கையில் மழைநாட் சமையலுக்கு உற்ற துணையாக இருந்தது அது. தமிழகக் கரையில் கத்தாளை என்றும் பன்னா என்றும் வழங்கும் மீனினமே மலாய் மொழியில் கெலாமா எனப்படுகிறது. ஆழ்கடல் மீன் அன்று அது; கரையோரச் சேற்று நிலத்தையும் ஆற்று முகத்தையும் அண்டி வாழ்வது. கிள்ளான் கடற்பகுதியில் அதைப் பிடித்தவரும் விற்றவரும் உண்டவரும் பல தலைமுறையினர். ஆயினும் அம்மீன் எங்கே குஞ்சாக இருந்தது, எத்தனை குஞ்சுகள் பிழைத்தால் வலைக்கு எத்தனை மீன் வரும் என்னும் வினாக்கள் நெடுங்காலம் எவராலும் எழுப்பப்படவில்லை.

வளர்ந்த மீனுக்குச் சந்தையில் விலையுண்டு. ஆதலின் அதற்கு எடையும் கணக்கும் உண்டு. குஞ்சுக்கு விலையில்லை, எனவே கணக்கும் இல்லை. இந்த எளிய உண்மை ஒரு நாட்டின் கடற்கரை வரலாற்றையே எவ்வாறு மாற்றியது என்பதற்குக் கிள்ளான் கழிமுகம் தக்க சான்றாகும்.

ஆறும் அதன் முகமும்

கோலாலம்பூரில் கோம்பாக் ஆற்றோடு கலந்து, பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் ஓரமாகச் சென்று, பள்ளத்தாக்கு நெடுகிலும் ஓடி, கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் விழுகிறது கிள்ளான் ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண்ணை அது சுமந்தது. பின்னர் நகரத்தின் கழிவையும் சுமந்தது. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் அங்கிருந்த செங்கற் சூளைகளால் வந்தது என்பது பலரும் அறிந்ததே. கோலாலம்பூர் செங்கல்லால் எழுந்தபோதும், இருப்புப்பாதைத் தொழிலாளரான தமிழர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறியபோதும், அந்நகரின் நீர் இறங்கிச் சென்ற இடம் ஒன்றே. அதுவே கண்டற்காடு சூழ்ந்த கழிமுகம்.

கண்டல் என்னும் சொல் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. நெய்தல் திணைப் பாடல்களில் தாழையோடும் புன்னையோடும் சேர்ந்து வருவது அது. மலேசியத் தமிழர் மலாய் வழக்கையொட்டி அதைப் 'பாக்காவ்' என்பர். உப்பு நீரில் நின்று, வளைந்த தூண்கள் போன்ற வேர்களைச் சேற்றில் ஊன்றி வளரும் மரங்கள் அவை. கிள்ளான் ஆற்றின் முகத்திலும், அதற்கெதிரே உள்ள கெத்தாம், கிள்ளான், லூமுட் முதலிய தீவுகளிலும் இக்காடு அடர்ந்திருந்தது. கடல்நீரின் ஏற்றவற்றம் அங்கே மிகுதி. அமாவாசை, பௌர்ணமி நாட்களையொட்டி நீர்மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் உயர்ந்து தாழும். ஏற்றத்தின்போது காட்டின் உள்ளே வரை கடல் புகும். வற்றத்தின்போது ஓடைகளும் சேறுமே எஞ்சும். நாளொன்றுக்கு இருமுறை இவ்வாறு நிகழும்.

இந்த ஏற்றவற்றமே மீன் குஞ்சுகளின் ஊர்தியாகும். தாய்மீன் கரைக்கப்பாலுள்ள நீரிலோ கழிமுகத்திலோ முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அளவினது. நீந்தும் வலிமை அதற்கு மிகக் குறைவு. அவற்றுட் பல, ஏற்றத்தின்போது மேல்நீரில் மிதந்து கரைநோக்கி வருகின்றன. வற்றத்தின்போது அடிநீரில் தங்கி, வெளியே அடித்துச் செல்லப்படாமல் காத்துக்கொள்கின்றன. இவ்வாறு சிறிது சிறிதாகக் கண்டலோடையை அடைகின்றன. அங்கே கலங்கிய நீர் பகைமீனின் கண்ணை மறைக்கிறது. வேர்ச்சிக்கல் பெரிய மீன் புகாமல் தடுக்கிறது. நுண்ணிய நீருயிர்களும் சிற்றிறால்களும் உணவாகின்றன. சில வாரங்களோ மாதங்களோ அங்கே வளர்ந்தபின் மீன் கடலுக்குத் திரும்புகிறது.

1901ஆம் ஆண்டின் தீர்ப்பு

கண்டற்காட்டைப் பற்றி ஆட்சியாளர் எண்ணிய முதல் எண்ணம் மீனைப் பற்றியதன்று; காய்ச்சலைப் பற்றியது. ஆற்றின் முகத்திற் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் திறக்கப்பட்டது. 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்குவது அதுவே. திறந்த சில வாரங்களிலேயே தொழிலாளரும் அலுவலரும் மலேரியாக் காய்ச்சலில் வீழ்ந்தனர். துறைமுகத்தை மூடவேண்டிய நிலை வந்தது.

அவ்வாண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றவர் மால்கம் வாட்சன். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் மெய்ப்பித்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அப்புதிய அறிவைச் செயலாக்கினார். நகரைச் சூழ்ந்த சதுப்பில் வடிகால் வெட்டப்பட்டது. துறைமுகத்தைச் சுற்றியிருந்த கண்டற்காடு வெட்டப்பட்டு, கடல்நீர் புகாமல் மண்கரை எழுப்பப்பட்டது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902இல் 59 பேர். இந்த எண்கள் உலக மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றவை. வாட்சனின் நூல் 1911இல் வெளிவந்தபின் பிற நாடுகளும் கிள்ளானைப் பார்த்துக் கற்றன.

அந்தப் பணியால் பிழைத்த உயிர்களுள் தமிழ்த் தொழிலாளரின் உயிர்கள் பல. ஆதலின் அதைக் குறைகூறுதல் நன்றியன்று. ஆயினும் ஒன்று இங்கே கருதத்தக்கது. அத்தீர்ப்பில் ஒரு பக்கத்தின் கணக்கு மட்டுமே நீதிமன்றம் ஏறியது. சதுப்பினால் இறந்தவர் எத்தனை பேர் என்று எண்ணப்பட்டது. சதுப்பில் வளர்ந்த உயிர் எவ்வளவு என்று எண்ணப்படவில்லை. எண்ணியிருந்தாலும் அன்று முடிவு மாறியிராது, மாறியிருக்கவும் கூடாது. பிற்காலத்தில் காய்ச்சலின் அச்சம் நீங்கிய பின்னரும் அதே தீர்ப்பு மறுவிசாரணையின்றி நின்றுவிட்டதே குறை. கடலோரத் தோட்டங்கள் மண்கரை கட்டி, மதகு வைத்து, கண்டல் நிலத்தை இரப்பருக்கும் தென்னைக்கும் பின்னர்ச் செம்பனைக்கும் ஆக்கிக்கொண்டன. அக்கரைகளை எழுப்பியவரும் கால்வாய் வெட்டியவரும் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரே. 'சதுப்பு என்பது வீண் நிலம்' என்னும் எண்ணம் ஏறத்தாழ எழுபதாண்டுகள் எதிர்ப்பின்றி ஆண்டது.

வளர்ந்த மீனின் வரலாறு

மலாயா மீன்களைப் பற்றிய அறிவு அக்காலத்தில் இல்லாமலில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பினாங்கில் இருந்த டேனிஷ் நாட்டவர் தியோடர் கேண்டர் 1849இல் மலாயா மீன்களின் விரிவான பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். மேக்ஸ்வெல் என்பார் 1921இல் மலாயா மீன்களைப் பற்றி எழுதினார். ஆஸ்திரேலிய அறிஞர் டேவிட் ஸ்டெட், பிரிட்டிஷ் மலாயாவின் மீன்வளத்தைப் பற்றி 1923இல் பொது அறிக்கை ஒன்று வழங்கினார். பர்டன், பாரி ஆகிய இருவரும் 1954இல் மலாயா மீன்பிடி முறைகளைத் தொகுத்து வெளியிட்டனர். 1957இல் பினாங்கில் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

மீனவரின் அறிவும் ஆழமானது. கெலாமா இனத்து மீன்கள் தம் உடலிலுள்ள காற்றுப்பையை அதிரச் செய்து ஒலி எழுப்புவன. கிழக்குக் கரை மலாய் மீனவரிடையே 'ஜூரு செலாம்' எனப்படும் வல்லுநர் இருந்தனர். அவர் நீரில் தலையை மூழ்கவைத்துக் கேட்டு, எத்திசையில் எவ்வகை மீன்கூட்டம் உள்ளதென்று கூறுவார். அதன் பின்னரே வலை இறங்கும்.

இவ்வறிவு முழுவதற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பட்டியல் எழுதியவர் மீனின் வடிவத்தை அறிந்தார். அறிக்கை எழுதியவர் கரைக்கு வந்த மீனின் எடையை அறிந்தார். ஜூரு செலாம் வலைக்கு உகந்த கூட்டத்தை அறிந்தார். எல்லாரும் அறிந்தது வளர்ந்த மீனையே. இவ்வாண்டு பிழைத்த குஞ்சுகள் எத்தனை என்னும் கேள்விக்கு இவற்றில் எதுவும் விடை தரவில்லை.

வடகடலில் எழுந்த வழக்கு

அக்கேள்வி முதன்முதலிற் கூர்மை பெற்றது மலாயாவில் அன்று, நார்வே நாட்டில். அங்கே அரெண்டால் நகரையடுத்த பிளோடெவிகன் என்னுமிடத்தில் கப்பல் தலைவர் குண்டர் டான்னெவிக் என்பவர் 1880களில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றை அமைத்தார். காட் மீனின் முட்டைகளைப் பொரிக்கவைத்து, கோடிக்கணக்கான குஞ்சுகளைக் கடலில் விட்டார். மீன் பெருகும் என்பது அவரது நம்பிக்கை, மக்களும் நம்பினர். யோஹான் யோர்ட் என்னும் இளம் அறிஞர் அதை ஏற்கவில்லை. கடல் இயல்பாகவே எண்ணற்ற குஞ்சுகளைத் தருகிறது. அவற்றுட் பெரும்பாலானவை சில நாட்களிலேயே அழிகின்றன. மனிதன் விடும் குஞ்சு அப்பெருங்கணக்கில் எம்மூலைக்கு என்று வினவினார்.

வழக்கைத் தீர்க்க வழி ஒன்றே இருந்தது. குஞ்சுகளை எண்ணவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில முயற்சிகள் நடந்தன. பின்னர் 1919 முதல் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், அதே இடங்களில், அதே வகைக் கரைவலையை இழுத்து, அவ்வாண்டு பிறந்த காட் குஞ்சுகளை எண்ணும் முறை நிலைபெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலம் நீங்கலாக அக்கணக்கு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பொரிப்பகக் குஞ்சுகளால் கடலில் மீன் பெருகியதற்கு அதில் தெளிவான சான்று கிட்டவில்லை. குஞ்சு விடும் பணி 1971இல் நிறுத்தப்பட்டது.

பொரிப்பகம் நின்றது, கணக்கு நிற்கவில்லை. இதுவே அவ்வரலாற்றின் சிறப்பு. ஒரு வழக்கைத் தீர்ப்பதற்குத் தொடங்கிய எண்ணிக்கை, வழக்கு முடிந்தபின் வேறு பயன்களைத் தந்தது. 1930களில் கரையோரக் கடற்புல் நோயுற்று அழிந்தபோது இளமீன்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை அக்கணக்கு காட்டியது. அழிவு வருமுன்னரே கணக்கு இருந்தமையால்தான் அழிவின் அளவு தெரிந்தது.

யோர்ட் 1914இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. நார்வேயின் ஹெர்ரிங் மீன்வேட்டையை 1904இல் பிறந்த ஒரே தலைமுறை மீன்கள் பல ஆண்டுகள் தாங்கி நின்றதை அவர் காட்டினார். நல்ல ஆண்டும் பஞ்ச ஆண்டும் வலையால் மட்டும் உண்டாவதில்லை. குஞ்சுப் பருவத்தில் பிழைத்தவை எத்தனை என்பதே பின்னாண்டுகளின் விளைவைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பது அவரது முடிபு. விதைப்பயிரைப் பார்த்து விளைச்சலைக் கணிக்கும் உழவனின் அறிவு மீன்துறைக்கு அன்றே வந்தது எனலாம்.

வயதறியும் வழி

குஞ்சை எண்ணுவதற்கு முன், எது குஞ்சு என்று அறியவேண்டும். சிறிய மீன் எல்லாம் இளமீன் அன்று. சில இனங்கள் முதிர்ந்தும் விரல் நீளத்தை மிஞ்சுவதில்லை. இதற்கு அறிஞர் பல வழிகளைக் கண்டனர்.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர்சன் என்பார் 1890களில் எளிய வழியொன்றைக் கையாண்டார். வலையில் வந்த ஓரின மீன்கள் அனைத்தையும் அளந்து, எவ்வளவு நீளத்தில் எத்தனை மீன் என்று வரிசைப்படுத்தினால், எண்ணிக்கை சில நீளங்களில் குவிந்து நிற்கும். ஒவ்வொரு குவியலும் ஒரு பிறப்புத் தலைமுறை. அடுத்தடுத்த திங்கள்களில் அளந்துவந்தால் குவியல் வலப்புறம் நகர்வதைக் காணலாம். அந்நகர்வே வளர்ச்சியின் வேகம். மீனின் தலைக்குள் செவிப்புலனை அடுத்துள்ள சிறு கல்லில் மரத்தின் ஆண்டு வளையம் போன்ற வளையங்கள் உண்டென்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறியப்பட்டது. கத்தாளை இனத்தில் இச்செவிக்கல் மிகப் பெரியது. மீன் ஆய்வோர்க்கு மட்டுமன்றிச் சமைப்போர்க்கும் அது தெரிந்த பொருளே.

வெப்பநாட்டில் இவ்வழி முழுப்பயன் தரவில்லை. குளிர்நாட்டில் பனிக்காலத்து வளர்ச்சி தளர்வதால் ஆண்டு வளையம் தெளிவாக விழும். மலாக்கா நீரிணையில் பனிக்காலம் ஏது? பல மீன்கள் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில் சினை விடுவதால் நீளக் குவியல்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 1971இல் பன்னெல்லா என்பார் செவிக்கல்லில் நாள்வளையங்களும் உண்டென்று வெளியிட்டார். ஆண்டு வளையம் தெளியாத நாட்டிலும், குஞ்சு பிறந்து எத்தனை நாளாயிற்று என்று நுண்ணோக்கியின்கீழ் எண்ணும் வாய்ப்பு அதனால் பிறந்தது.

கிள்ளான் கரையில் எண்ணியவர்கள்

மலாயாப் பல்கலைக்கழகம் பிரிக்பீல்ட்ஸுக்கு அணித்தே, பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அமைந்தது. அதன் விலங்கியல் அறிஞர்கள் கண்டற்சேற்றில் இறங்கி ஆராயத் தலைப்பட்டனர். சேற்றில் வாழும் நண்டு, நத்தை முதலிய உயிர்கள் எவ்வுயரத்தில் எவ்வாறு பரவியுள்ளன என்பதை ஆராய்ந்த சசேகுமாரின் கட்டுரை 1974இல் வெளிவந்தது. பின்னர் அவரும் சோங் விங் சிங் என்பாரும் உடனாய்வாளர்களுடன் கூடி, சிலாங்கூர்க் கண்டற்கரையின் மீனையும் இறாலையும் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி முடிவுகள் 1990இலும் 1992இலும் உலக அறிவியல் ஏடுகளில் வெளிவந்தன.

இத்தகைய வேலையின் இயல்பைச் சிறிது காணல் நன்று. ஏற்றம் உச்சத்தில் நிற்கும்போது ஓடையின் வாயைச் சிறுகண் வலையால் அடைப்பர். வற்றம் தொடங்கியதும் நீர் வெளியேறும். உள்ளே வந்த மீன்கள் வலையிற் தங்கும். ஏற்றம் இரவிலும் வருமாதலால் வேலையும் இரவிலும் நடைபெறும். பிடித்தவற்றை இனம் பிரித்து, நீளமும் எடையும் அளந்து, வயிற்றைத் திறந்து உணவையும் சினைப்பையின் முதிர்ச்சியையும் பார்ப்பர். சினைப்பை முதிராதது இளமீன். இதையே திங்கள்தோறும், ஒரே வகை வலையால், ஒரே நிலவுநாளையொட்டிச் செய்தால்தான் ஒரு திங்களின் எண்ணை மற்றொரு திங்களின் எண்ணோடு ஒப்பிட முடியும்.

சிலாங்கூர்க் கண்டல் நீரில் 119 இன மீன்களும் 9 இன இறால்களும் பதிவாயின என 1992ஆம் ஆண்டுக் கட்டுரை தெரிவித்தது. மீன்களுட் பெரும்பான்மை இளமீன்கள். வீண் நிலம் என்று எழுபதாண்டுகளுக்கு மேலாகக் கருதப்பட்ட சேற்றுக்கு முதன்முறையாக ஒரு வரவுக் கணக்கு எழுதப்பட்டது.

அவ்வறிஞர்கள் தம் முடிவை மிகைப்படுத்தவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. கண்டலோடை மட்டுமன்று, அதன் முன்னுள்ள திறந்த சேற்றுப்படுகையும் கரையோர நீரும் இளமீன்களுக்கு இடமாவதால், அவற்றையும் ஒப்பிட்டே ஆராய்ந்தனர். பேராக்கின் மாத்தாங் கண்டற்காட்டிலும் இப்பணி தொடர்ந்தது. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்புள்ள அக்காடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் திட்டமிட்ட வனமாகக் காக்கப்படுவது. அங்கே கெலாமா இனங்களும் சிறப்பாக ஆராயப்பட்டன. கரிம அணுக்களின் வேறுபாட்டைக் கொண்டு, இறாற் குஞ்சின் உடலில் கண்டல் இலையின் பங்கு எவ்வளவு என்று 2001இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. உள்ளோடையில் அப்பங்கு மிகுதி. கடலை நோக்கிச் செல்லச் செல்லக் குறைகிறது. கண்டல் எல்லா மீனுக்கும் எல்லா உணவும் தருகிறது என்பதன்று முடிபு. எவ்விடத்தில் எவ்வளவு தருகிறது என்பதே.

அதே 2001இல் அமெரிக்க அறிஞர் பெக் என்பாரும் பிறரும் ஒரு திருத்தத்தை முன்வைத்தனர். ஓரிடத்தில் குஞ்சுகள் மிகுதியாக இருப்பது மட்டும் அதை 'மீன் வளர்ப்பிடம்' ஆக்கிவிடாது. அங்கிருந்து வளர்ந்து வெளியேறி, தாய்மீன் கூட்டத்தோடு சேர்பவை, ஒரே அளவுள்ள பிற இடங்களிலிருந்து சேர்பவற்றைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும் என்றனர். பள்ளியிற் சேர்ந்தவரை எண்ணினால் போதாது, தேறி வெளியேறியவரை எண்ணவேண்டும் என்பது போன்றது இது. ஆசிரியர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. இந்த அளவுகோல் வந்தபின், ஒருமுறை எண்ணுவதன் போதாமை இன்னும் தெளிவாயிற்று.

வலையும் சட்டமும்

கண்டல் குறைந்த அதே காலத்தில் வலையும் மாறியது. 1960களின் நடுவில் இழுவை மடிப் படகுகள் மலேசியாவின் மேற்குக் கரையில் பரவின. கடலடியைத் தடவிச் செல்லும் அவ்வலை பெரிதையும் சிறிதையும் ஒருங்கே வாரும். கரையோரச் சிறு மீனவர்க்கும் இழுவைப் படகினர்க்கும் கடுமையான மோதல்கள் நிகழ்ந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் கடலை மண்டலங்களாகப் பிரித்தது. கரையிலிருந்து 5 கடல்மைல் வரை சிறு மீனவர்க்கு ஒதுக்கப்பட்டது. இழுவை மடியின் அடிப்பையில் வலைக்கண் 38 மில்லிமீட்டருக்குக் குறைதல் ஆகாதென்றும் விதிக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் இவ்வாட்சிக்கு அடிப்படையாயிற்று.

விதிகள் இருந்தும் சிறுமீன் வலையில் ஏறுவது நிற்கவில்லை. அதற்கு மலாய் மொழியில் 'ஈக்கான் பாஜா' என்று பெயர். உரமீன் என்பது பொருள். உணவுக்கு ஆகாத சிற்றினங்களோடு, வளர்ந்தால் நல்ல விலை பெறக்கூடிய இனங்களின் குஞ்சுகளும் அக்குவியலில் கலந்திருக்கும். அது தீவனத்திற்கும் உரத்திற்கும் செல்லும். நாட்டின் மீன்புள்ளிக் கணக்கில் குஞ்சு இடம்பெறும் ஒரே தலைப்பு இதுவாகவே நெடுங்காலம் இருந்தது. அங்கேயும் அது இனப்பெயரின்றி, இறந்த பின்னர், எடையாகவே இடம்பெற்றது.

கேரள அரசு 2015இல் வேறொரு வழியை மேற்கொண்டது. இனந்தோறும் பிடிக்கத்தக்க குறைந்த நீளத்தை விதித்தது. மத்திச் சாளைக்கு 10 செண்டிமீட்டர், அயிலைக்கு 14 செண்டிமீட்டர் என்பன அவற்றுட் சில. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அளந்து கூறிய முதிர்ச்சி நீளங்களே அதற்கு அடிப்படை. 1947இல் தமிழகத்தில் தொடங்கிய நிலையம் அது. அளந்த எண் இருந்தமையால் விதிக்க முடிந்தது என்பது இதன் பாடம்.

இனந்தோறும் அளக்கவேண்டியதன் காரணத்தைச் சியாகாப் மீன் நன்கு விளக்கும். தமிழில் கொடுவா எனப்படும் அம்மீன் பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுவது. அதன் குஞ்சுகள் கண்டலோடைகளிலும் ஆற்றின் உட்பகுதியிலும் வளர்கின்றன. இளமையிலேயே பிடிபட்டால் குறைவது மீனின் எண்ணிக்கை மட்டுமன்று. வருங்காலத் தாய்மீன்களும் இல்லாமற் போகும்.

தொடர்ச்சியே கணக்கு

கிள்ளான் கழிமுகம் இதற்கிடையில் பெரிதும் மாறிவிட்டது. 1963இல் துறைமுக ஆணையம் அமைந்தபின் வடதுறைமுகம் விரிந்தது. 1980களில் காப்பார்க் கரையின் சேற்றுப்படுகையில் மின்நிலையம் எழுந்தது. அது குளிர்விக்கும் நீரைக் கடலிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. நீரோடு சேர்ந்து உள்ளிழுக்கப்படும் மீன்களையும் சொறிமீன்களையும் எண்ணி ஆராய்ந்த கட்டுரை 2010இல் வெளிவந்தது. லூமுட் தீவு இன்டா தீவு எனப் பெயர் பெற்று, 1990களில் மேற்குத் துறைமுகத்தின் இருப்பிடமாயிற்று. எதிர்த்தீவுகள் சிலவற்றில் கண்டற்காடு இன்றும் நிற்கிறது. கெத்தாம் தீவின் மீனவர் ஊர் அக்காட்டையும் நீரையும் நம்பியே வாழ்கிறது.

இம்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் குஞ்சுக் கணக்கு தொடர்ச்சியாக இருந்திருந்தால், எதனால் எவ்வளவு இழந்தோம் என்று இன்று சொல்ல முடியும். 1901க்கு முன் எழுதிய கணக்கு கிள்ளானில் இல்லை. 1980களின் இறுதியில் அறிஞர் எண்ணியபோது, முன்பு என்ன இருந்தது என்பதை ஒப்பிட வழியில்லை. அவர்கள் எண்ணியதே முதற்பக்கம் ஆயிற்று. ஆயினும் அம்முதற்பக்கம் இருப்பதே பெரும்பேறு. அதே ஓடைகளில், அதே முறையில் மீண்டும் எண்ணுவோர்க்கு ஒப்பிட ஓர் எண் உண்டு; 1901இல் அப்படியொன்று இருந்ததில்லை. நார்வேயின் கரைவலைக் கணக்குச் சிறந்தது அதன் கருவியால் அன்று. அது எளிய வலைதான். ஆண்டுதோறும் தவறாது இழுக்கப்பட்டதே அதன் சிறப்பு.

வாட்சன் செய்ததும் இதுவே என்பதை மறக்கலாகாது. அவர் வடிகால் வெட்டியதோடு நில்லாமல், ஆண்டுதோறும் இறப்பை எண்ணினார். அதனால்தான் 368 என்பதும் 59 என்பதும் இன்றும் பேசுகின்றன. கிள்ளான் மண்ணில் எண்ணிக்கை மனித உயிரைக் காத்தது. அதே மண்ணின் சேற்றில் வளரும் உயிருக்கும் அத்தகைய பொறுமையான எண்ணிக்கை உரியது.

பிரிக்பீல்ட்ஸின் ஓரத்தில் ஓடும் ஆறு கண்ணுக்குச் சிறிதாகவே தோன்றும். அதில் விழும் கழிவும் மண்ணும் சென்று சேருமிடம், கெலாமாக் குஞ்சு ஏற்றநீரில் மிதந்துவந்து ஒதுங்கும் இடமாகும். கருவாட்டுக் கடையில் தொங்கும் மீனுக்கும் நகரத்து வடிகாலுக்கும் உள்ள இத்தொடர்பைப் பள்ளிப் பிள்ளைகள் ஆற்றங்கரையிலேயே நின்று அறிய முடியும். நெய்தல் திணையின் கண்டலைப் பாடத்தில் விளக்கும் ஆசிரியர், அம்மரம் தம் ஊர் ஆற்றின் முகத்தில் இன்றும் நிற்பதையும், அதன் வேர்களுக்கிடையே எண்ணப்பட வேண்டிய உயிர்கள் இருப்பதையும் சேர்த்துச் சொல்வாராயின், அக்கணக்கைத் தொடர்வதற்கு வேண்டிய தலைமுறை வகுப்பறையிலேயே தோன்றும்.